‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் குழந்தைமையும் அறவளர்ச்சியும்

‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ (1926–2016) எழுதிய நாவல். ஜே. பி. லிப்பின்காட் நிறுவனம் 1960 ஜூலை 11 அன்று வெளியிட்டது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. இதுவரை 4 கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அலபாமா மாநிலத்தில் மேகோம் என்ற கற்பனைச் சிற்றூரில், 1933 கோடை முதல் 1935 அக்டோபர் வரை நடக்கும் கதை இது. தாயை இழந்த இரண்டு பிள்ளைகள், ஸ்கவுட் என்கிற ஜீன் லூயிஸ் ஃபிஞ்சும் அவளைவிட நான்கு வயது மூத்த அண்ணன் ஜெம்மும், செய்யாத குற்றத்துக்காக ஒரு கறுப்பின மனிதர் தண்டிக்கப்படுவதைக் கண்முன் பார்க்கிறார்கள். அவருக்காக வாதாடுபவர் அவர்களுடைய தந்தை ஆட்டிகஸ். கதை சொல்வது வளர்ந்துவிட்ட ஸ்கவுட் என்றாலும், நாம் பார்ப்பதெல்லாம் ஆறிலிருந்து எட்டு வயதுவரை அவள் பார்த்தவை.

மேகோமுக்கு மூலம் ஹார்ப்பர் லீ பிறந்து வளர்ந்த மன்ரோவில் என்ற ஊர். அவருடைய தந்தை அமாசா கோல்மன் லீ வழக்கறிஞர், உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். வெள்ளைக்காரக் கடைக்காரர் ஒருவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கறுப்பினத்தவருக்காக அவர் 1919இல் வாதாடினார், இருவருமே தூக்கிலிடப்பட்டார்கள். கோடை விடுமுறைக்கு வரும் டில் என்ற சிறுவனுக்கு முன்மாதிரி, லீயின் பால்யத் தோழரும் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளருமான ட்ரூமன் கபோட்டி. 1931இல் அதே அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது இரண்டு வெள்ளைப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட ஸ்காட்ஸ்பரோ வழக்கின் நிழலும் நாவலின்மீது விழுந்திருக்கிறது.

பக்கத்துவீட்டுப் பூதம்

வழக்கைத் தேடி நாவலைத் திறப்பவர்கள் பொறுமையிழக்கக்கூடும். முதல் பாகத்தின் பெரும்பகுதி, வீட்டைவிட்டு வெளியே வராத பூ ராட்லி என்ற மனிதனைச் சுற்றியே ஓடுகிறது. பச்சையாக அணிலையும் பூனையையும் தின்பான், தகப்பனைக் கத்தரிக்கோலால் குத்தினான் என்றெல்லாம் ஊர் பேசுகிறது. பிள்ளைகள் அதை அப்படியே நம்புகிறார்கள். நம்பியதோடு நில்லாமல், அவன் கதையை நாடகமாக்கித் தெருவோரம் நடித்துக் காட்டுகிறார்கள். ஸ்கவுட்டையும் ஜெம்மையும் மாசுமறுவற்ற குழந்தைகள் என்று பேசும் வாசிப்புகள் இதைக் கவனிக்கத் தவறுகின்றன. பார்த்தேயிராத ஒருவனைப் பற்றி ஊரார் சொன்னதை வைத்தே தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இந்தப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. மேகோமின் நோய் அவர்களையும் தொற்றித்தான் இருக்கிறது. அவர்களிடம் அது இன்னும் விளையாட்டாக இருக்கிறது, அவ்வளவே.

அந்த நோயைப் போக்கும் வேலை மெதுவாக நடக்கிறது. ராட்லி வீட்டோர மரப்பொந்தில் சூயிங்கம், பழைய காசுகள், சோப்பில் செதுக்கிய இரண்டு பொம்மைகள், ஓடாத கடிகாரம் என ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. பொம்மைகளில் ஒன்று ஆண் பிள்ளை, மற்றது பெண் பிள்ளை. நன்றி சொல்லிக் கடிதம் எழுதிப் பொந்தில் வைக்கப் போனால், பொந்து சிமெண்டால் அடைக்கப்பட்டிருக்கிறது. மரம் பட்டுப்போகிறது, அதனால் அடைத்தேன் என்கிறார் பூவின் அண்ணன் நேதன். இலைகளெல்லாம் பச்சையாக இருக்கின்றனவே என்கிறார் ஆட்டிகஸ். அன்று இருட்டும்வரை ஜெம் தாழ்வாரத்தில் நிற்கிறான். உள்ளே வரும்போது அழுதிருந்தது தெரிகிறது. ஏன் அழுதான் என்று ஸ்கவுட்டுக்குப் புரிவதில்லை, லீயும் விளக்குவதில்லை. நாவலின் மிகச் சிறந்த பக்கங்களில் இதுவும் ஒன்று. பெரியவர்களின் கொடுமை சாதாரணப் பேச்சுத் தொனியில் வரும் என்பதை ஜெம் முதலில் அறிவது இங்கேதான், நீதிமன்றத்தில் அல்ல.

நீதிமன்ற மாடம்

டாம் ராபின்சன் மேயெல்லா யூவல் என்ற ஏழை வெள்ளைப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தார் என்பது குற்றச்சாட்டு. அடிபட்டது அவளுடைய முகத்தின் வலப்பக்கம். அடித்தவர் இடக்கைக்காரராக இருக்கவே வாய்ப்பு அதிகம். டாமின் இடக்கை சிறுவயதில் பஞ்சு பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கி முடமானது. மேயெல்லாவின் தகப்பன் பாப் யூவலோ சாட்சிக்கூண்டில் இடக்கையால் கையெழுத்துப் போடுகிறான். இத்தனைக்குப் பிறகும் ஜூரிகள் டாமைக் குற்றவாளி என்கிறார்கள். மேல்முறையீட்டுக்குக் காத்திராமல் சிறையிலிருந்து தப்ப முயலும் டாம் சுட்டுக் கொல்லப்படுகிறார். உடலில் 17 குண்டுகள்.

கீழே இடமில்லாததால், கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய மாடத்தில் பாதிரியார் சைக்ஸின் அருகே அமர்ந்து பிள்ளைகள் விசாரணையைப் பார்க்கிறார்கள். ஸ்கவுட், ஜெம், டில் மூவரும் மூன்று விதமாக வளர்கிறார்கள். டாமை அரசு வழக்கறிஞர் விசாரித்த ஏளனத் தொனியைத் தாங்காமல் டில் அழுகிறான். அவனுக்கு வாதம் முக்கியமில்லை, தொனி போதும். ஜெம் சாட்சியங்களை நம்புகிறான், வென்றுவிட்டோம் என்று கணக்குப் போடுகிறான், தீர்ப்பு வந்ததும் நொறுங்குகிறான். ஸ்கவுட் உடனே எதையும் முடிவு செய்வதில்லை; கேட்டதை மனதில் வைத்திருந்து மாதங்கள் கழித்து எடுக்கிறாள். ஹிட்லர் யூதர்களுக்குச் செய்வது அநியாயம் என்று வகுப்பில் உருகும் ஆசிரியை மிஸ் கேட்ஸ், டாமின் விசாரணை நாளன்று கறுப்பினத்தவருக்குப் பாடம் புகட்ட வேண்டும் என்று படியிறங்கியபடி பேசியதை அவள் கேட்டிருக்கிறாள். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று ஜெம்மிடம் கேட்கப் போனால் அவன் கத்தித் தீர்க்கிறான். அவனுக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

அறியாமையே ஆயுதமாகும் இடமும் உண்டு. விசாரணைக்கு முந்தைய இரவு டாமை அடித்துக் கொல்லச் சிறைவாசலுக்கு வரும் கும்பலில் வால்டர் கன்னிங்ஹாமை ஸ்கவுட் அடையாளம் காண்கிறாள். அவருடைய மகன் அவள் வகுப்புத் தோழன். ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்கு வந்து இறைச்சியிலும் காய்கறியிலும் பாகை ஊற்றியவன். அதைக் கேலி செய்ததற்காக வீட்டுச் சமையற்காரி கல்பர்னியா அடுக்களைக்கு அழைத்து ஸ்கவுட்டைக் கண்டித்திருக்கிறாள். இப்போது ஸ்கவுட் அந்த மகனின் நலம் விசாரிக்க, தகப்பன் வெட்கி, கும்பலைக் கலைத்துக்கொண்டு போகிறார். படிக்கும்போது நெஞ்சைத் தொடும் காட்சி. ஆனால் அக்கால அலபாமாவில் இத்தகைய கும்பல்கள் இவ்வளவு லேசில் கலைந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழிவாங்கக் காத்திருந்த பாப் யூவல், ஹாலோவீன் இரவில் பிள்ளைகளைத் தாக்குகிறான். ஜெம்முக்குக் கை முறிகிறது. பள்ளி நாடகத்துக்காகக் கம்பிவலையில் துணி சுற்றிச் செய்த பன்றித்தொடை வேடம் ஸ்கவுட்டைக் காப்பாற்றுகிறது. காக்க வந்த பூவின் கையால் யூவல் இறக்கிறான். தன் கத்திமேல் தானே விழுந்தான் என்று எழுதி விஷயத்தை முடிக்கிறார் ஷெரீஃப் ஹெக் டேட். கூச்சமே உருவான பூவை ஊர்முன் இழுத்து நிறுத்துவது, தீங்கில்லாத பாட்டுப்பறவையான மாக்கிங்பேர்டைச் சுடுவதுபோல என்று ஸ்கவுட் தானே புரிந்து சொல்கிறாள். அவளுடைய வளர்ச்சியின் அளவு இது. சட்டத்தை நம்பி வாதாடிய தந்தைக்கு, சட்டம் எங்கே கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பதை எட்டு வயது மகள் எடுத்துச் சொல்கிறாள். இதே சலுகை டாமுக்குக் கிடைக்கவில்லை என்ற உறுத்தலை நாவல் வாசகரிடமே விட்டுவிடுகிறது.

வரவேற்பும் மறுப்பும்

ராபர்ட் மல்லிகன் இயக்கிய திரைப்படம் 1962இல் வந்தது. ஆட்டிகஸாக நடித்த கிரெகரி பெக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. பள்ளிகளில் நாவல் பாடமானபோது எதிர்ப்பும் கூடவே வந்தது. 1966இல் வர்ஜீனியாவின் ஹனோவர் மாவட்டக் கல்விக்குழு இதை ஒழுக்கக்கேடானது என்று விலக்கப் பார்த்தது. ஹார்ப்பர் லீ பத்திரிகைக்குக் கிண்டலான மறுப்புக் கடிதம் எழுதினார். 2017இல் மிசிசிப்பியின் பிலாக்சியில் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தபோது காரணம் வேறு: நாவலில் வரும் இனவசைச் சொற்கள்.

இன்றைய விமர்சனத்தில் கனமானது இன்னொன்று. வெள்ளைப் பிள்ளைகளின் மனம் பண்படுவதற்கு ஒரு கறுப்பின மனிதரின் சாவு பாடப்பொருளாகிறது. டாமின் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று கதை கேட்பதே இல்லை. கல்பர்னியா தன் தேவாலயத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் அத்தியாயம் மட்டும் அந்த உலகின் கதவைச் சற்றுத் திறக்கிறது. ஆட்டிகஸ் தனிமனித நல்லெண்ணத்தை நம்பினார், அமைப்பை எதிர்க்கவில்லை என்று 2009இல் எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் எழுதினார். இரண்டு வாதங்களையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

2015இல் வெளியான லீயின் மற்றொரு நாவல் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ இந்த விவாதத்துக்குத் தீ மூட்டியது. 26 வயதில் ஊர் திரும்பும் ஸ்கவுட், நிறவெறியர்களின் கூட்டத்தில் ஆட்டிகஸ் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறாள். பலர் இதைத் தொடர்ச்சி என்று நினைத்தார்கள். உண்மையில் 1950களில் முதலில் எழுதப்பட்டது இதுதான். அதிலிருந்த பால்ய நினைவுகளே உயிருள்ளவை என்று கண்ட பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப், அந்தச் சிறுமியின் பார்வையிலேயே முழுக்கதையையும் எழுதச் சொன்னார். வளர்ந்த மகளின் ஏமாற்றத்தைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, அதற்கு முந்தைய கோடைகளை லீ எழுதியதன் விளைவே 1960இல் வந்த நாவல்.