மருந்தும் ஐயமும்: தங்கவயல் தரும் படிப்பினை

மருத்துவச் சிகிச்சைகள் நாம் நம்பும் அளவுக்குப் பயன் தருகின்றனவா என்னும் வினா மிகப் பழையது. பண்டைக் கிரேக்கத் தத்துவ மரபில் ஐயவாதத்தை விளக்கிய செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் என்பவரே ஒரு மருத்துவர். நம் காலத்தில், 2018ஆம் ஆண்டில், ஜேக்கப் ஸ்டெகெங்கா என்னும் தத்துவ அறிஞர் அதே வினாவை ஒரு நூலாக விரித்து எழுதினார். பிழைப்பு நாடி மாநிலம் கடந்து வாழும் நம்மவருக்கு இவ்வினாவின் பொருள் விளங்க வேண்டுமாயின், கோலார் தங்கவயலின் வரலாற்றைக் காண்பது நலம்.

1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கம் நடத்தினர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் திரளாகக் குடியேறினர். பொன் பொதிந்து கிடந்தது வெங்கச்சங்கல்லில். அக்கல்லைத் துளைக்கையில் எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து அதனைத் தழும்பாக்கிவிடும். இதுவே சிலிக்கோசிஸ் எனப்படும் நோய். 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு 43.7 பேரிடம் இந்நோய் காணப்பட்டது.

இதற்கு மருந்து உண்டா? உண்டு என்று நம்பியோர் இருந்தனர். அலுமினியத் தூளைச் சுவாசித்தால் கல்தூசியின் கேடு அடங்கும் என்று கனடாவில் முயல்களைக் கொண்டு நடத்திய சோதனைகள் காட்டின. அதனை நம்பி அந்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் 1943 முதல் 1979 வரை, வேலைக்கு இறங்குமுன் மூடிய அறைகளில் அத்தூளைச் சுவாசிக்கச் செய்யப்பட்டனர். இதற்கிடையே, 1956இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, நோயுற்ற தொழிலாளருக்கு அத்தூளால் குணமேதும் காணவில்லை என்றது. ஆயினும் வழக்கம் நிற்கவில்லை. அத்தூளைச் சுவாசித்தோரிடம் பார்க்கின்சன் நோய் மிகுந்திருந்ததை 2020ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியது. உரிய காலத்தில் ஐயுறாததன் விலை இது.

அவ்வாறாயின், மருந்தையே நம்பலாகாதா? அதற்கும் தங்கவயலுக்கு நெருங்கிய ஒரு விடை உண்டு. கல்தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். அந்நாளில் காசநோய்க்கு நல்ல காற்றும், ஓய்வும், ஊட்டமிக்க உணவும் தரும் சானடோரியமே கதி என்று கருதினர். தங்கவயலுக்கு வடக்கே மதனப்பள்ளியில் 1915 முதலே அத்தகைய நிலையம் ஒன்று புகழ்பெற்று விளங்கியது. 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையத்தில், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் இந்நம்பிக்கையே சோதனைக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ இருநூறு ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு அளித்தனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர், மற்றவர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தனர். 1959இல் முடிவு வெளிவந்தது. குணமடைந்தோர் தொகையில் பெரிய வேறுபாடு இல்லை! அரைவயிற்று உணவு உண்டோரையும் மருந்து காத்தது. அதன்பின் காசநோய்ச் சிகிச்சை உலகெங்கும் ஏழையின் வீட்டு வாசலுக்கு வந்தது.

மொழிபெயர்ப்புப் பணியில் உழலும் நாம், ஐயம், அவநம்பிக்கை என்னும் இரு சொற்களையும் ஒன்றாக எண்ணுவதில்லை. அவநம்பிக்கை மருந்தைத் தள்ளிவிடும். ஐயமோ, 'இதனை உண்ணாதவர் நிலை என்ன?' என்று ஒப்பிட்டுக் கேட்கும். அக்கேள்வியால் அலுமினியத் தூளின் குறை வெளிப்பட்டது. காசநோய் மருந்தின் மெய்யான ஆற்றலும் நிலைநாட்டப்பெற்றது.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. சிலிக்கோசிஸை முற்றும் நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. தூசியை விட்டு விலகிய பின்னரும் அந்நோய் வளரக்கூடும். எனவே நீர் பாய்ச்சித் துளைத்தலும், நல்ல காற்றோட்டமும், தூசி புகாத முகக்கவசமுமே தொழிலாளிக்குக் காப்பு. கல்லுடைக்கும் வேலையிலும் கல் அறுக்கும் பட்டறைகளிலும் பிற மாநிலங்களில் உழைக்கும் நம்மவர், 'நோய்க்கு மருந்து என்ன?' என்று வினவுமுன், 'தூசிக்குத் தடுப்பு என்ன?' என்று முதலாளியை வினவுவது கடமையாகும்.