அடிபம்பை யாருக்காகச் செய்தார்கள்?

பயனரை அறி, மாதிரி செய், சோதி, திருத்து என்று வடிவமைப்புக்குப் படிகள் சொல்கிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம்பார்த்த பூமியில் குடத்தோடு நின்ற பெண்ணை எந்தப் படியில் கணக்கிலெடுத்தார்கள்?

முதலில் வந்தவை மேற்கத்தியப் பண்ணைவீட்டு வார்ப்பிரும்புப் பம்புகளின் நகல்கள். ஒரு குடும்பத்துச் சாமானை ஊரே அடித்தது. உடையாம என்ன செய்யும்? சோலாப்பூர் பம்பை அடியொற்றி, யூனிசெஃப் உதவியோடு 1970களில் உருவான 'இந்தியா மார்க் 2' ஊரையே பயனராக எண்ணியது. ஆனால் அடியில் வாஷர் தேஞ்சா குழாய் முழுக்க வெளியே தூக்கணும். வண்டியும் ஆளும் வர்ற வரை கண்மாய்த் தண்ணிதான். 1980களில் கோவை வட்டாரக் களச்சோதனைகள் வழியே வந்த மார்க் 3இல் குழாயைக் கழற்றாமல் பிஸ்டனை உருவலாம். ரிப்பேர் பார்ப்பவரும் பயனர்தான் என்று ஒத்துக்கொள்ள இத்தனை வருஷம்.

பம்பை ஊருக்குள் இறக்குவதா, காலனியிலா என்பது பட்டறைக் காரியமல்ல. அது தலைவர் வீட்டுத் திண்ணையில் முடிவாயிற்று.