கடைமடைக்கும் பங்கு: வாய்க்கால் நீரும் கணினி வலையும்

பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது பாரிட் புந்தார். ‘பாரிட்’ என்னும் மலாய்ச் சொல் வாய்க்காலைக் குறிப்பது. பெயருக்கேற்ப, ஊரைச் சூழக் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நெல்வயலும், வயலுக்கு வயல் ஓடும் வாய்க்காலுமே காட்சியளிக்கின்றன. இவ்வயல்களுக்கு நீரூட்டுவது தென்கிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புக்கிட் மேரா நீர்த்தேக்கம். குராவ் ஆற்றை மறித்துக் கட்டப்பெற்ற அத்தேக்கமும், அதனின்று பிரியும் கால்வாய்களும் 1906ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றன. மலாயாவின் முதற்பெரும் பாசனத் திட்டம் அதுவே. தைப்பிங்கிலிருந்து வடக்கே செல்லும் இரயில் அத்தேக்கத்தின் நடுவே நீரைக் கடந்து போவதைப் பயணிகள் அறிவர்.

தமிழர் இவ்வட்டாரத்துக்கு வந்தது நெல்லுக்காக அன்று, கரும்புக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனரும் ஐரோப்பியரும் நடத்திய கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். பின்னர்க் கரும்பு மறைந்து இரப்பர் வந்தது. 1910இல் ஒப்பந்த முறையும் ஒழிந்தது. நெல் விளைத்தவரோ பெரும்பாலும் கெடாவிலிருந்தும் பினாங்குப் பக்கத்திலிருந்தும் குடியேறிய மலாய்க்காரரும், போர்னியோவிலிருந்து வந்த பஞ்சார் மக்களும் ஆவர். வானம் பொய்த்தால் அவர்தம் வயல் காயும். அக்குறையைத் தீர்க்கவே அணை எழுந்தது.

அணை எழுந்ததும் ஒரு கவலை தீர்ந்தது. வேறொரு கவலை பிறந்தது. மழை எல்லார் வயலிலும் ஒருங்கே பெய்யும். கால்வாய் நீரோ ஒருவர் வயலைக் கடந்துதான் மற்றவர் வயலுக்குப் போகவேண்டும். தலைமடைக்காரர் தம் மதகை விருப்பம்போல் திறந்து வைத்தால், கடைமடைக்காரருக்குச் சேறுதான் மிஞ்சும். தலைமடைக்காரர் தீயவர் என்பதன்று இதன் பொருள். நாளை நீர் வருமோ வராதோ என்னும் ஐயம் உள்ளவிடத்து, இன்றே வேண்டியமட்டும் பாய்ச்சிக்கொள்வது எவர்க்கும் அறிவுடைமையாகவே தோன்றும். தமிழகத்துச் சிற்றூர்களில் இதன்பொருட்டே நீர்க்கட்டி என்னும் ஊழியர் இருந்தார். பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்றொரு குழுவையே குறிக்கின்றன. கிரியானில் அப்பணி அரசாங்கப் பொறியாளர் கையில் இருந்தது. 1932இல் நீர்ப்பாசன வடிகால் துறை தோன்றியபின் அத்துறையினுடையதாயிற்று. நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நாள் குறித்து நீர் விடும் முறையே அங்கே பங்கீட்டுக்கு வழியாக அமைந்தது.

கிரியான் அணை கட்டி எண்பது ஆண்டுகள் சென்றபின், இதே வழக்கு நீரில்லாத வேறொரு வாய்க்காலில் எழுந்தது. அதன் வரலாறு பாசனத்தை அறிந்த தமிழருக்கு மிக எளிதில் விளங்கக்கூடியது.

கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வலையில், அனுப்பவேண்டிய செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பொதியும் தனித்தனியே புறப்பட்டு, வழியிலுள்ள திசைவி என்னும் கருவிகளைக் கடந்து போகும். திசைவியிலிருந்து புறப்படும் கம்பி வினாடிக்கு இத்தனை பிட் என்று ஓர் எல்லைக்கு உட்பட்டது. அதற்குமேல் வரும் பொதிகள் வரிசையில் நிற்கும். வரிசையும் நிறைந்துவிட்டால் கீழே கொட்டப்படும். பெற்றவர் ஒவ்வொரு பொதிக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்று மறுமொழி விடுப்பார். மறுமொழி வரவில்லையெனில் அனுப்பியவர் அப்பொதியை மீண்டும் அனுப்புவார். விண்ட் செர்ப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட திட்டத்திலிருந்து வளர்ந்த டி.சி.பி. என்னும் விதிமுறை இவ்வாறே இயங்கியது. 1983 சனவரி முதல் நாள், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பாநெட் வலை முழுவதும் இவ்விதிமுறைக்கு மாறியது.

அவ்விதிமுறையில் ஒரு குறை இருந்தது. பெறுபவர் எவ்வளவு தாங்குவார் என்பதை அனுப்புபவர் அறிவார். இடையிலுள்ள வழி எவ்வளவு தாங்கும் என்பதை அறியார். வயலின் அளவு தெரிந்தது, வாய்க்காலின் அளவு தெரியவில்லை என்று இதனைச் சொல்லலாம்.

இக்குறையை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் போர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் நேகிள். வலை வல்லுநர் தமக்குள் சுற்றுக்கு விட்டுவந்த குறிப்புகளுள் 896ஆம் எண்ணுடைய குறிப்பில், 1984 சனவரியில், அவர் ‘நெரிசல் வீழ்ச்சி’ என்பதை விளக்கினார். வழியில் நெரிசல் மிகும்போது மறுமொழி தாமதமாகும். தாமதமாகவே, பொதி தொலைந்ததென்று எண்ணி ஒவ்வொரு கணினியும் அதனை மீண்டும் அனுப்பும். அவ்வாறு அனுப்பியது நெரிசலை இன்னும் மிகுவிக்கும். முடிவில் கம்பி நிறைய ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஓடுவன யாவும் ஒரே பொதியின் படிகளாயிருக்கும்.

அவர் சொன்னது 1986 அக்டோபரில் நேர்ந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள தொலைவு 400 கெசம். அவ்விரண்டுக்குமிடையே வினாடிக்கு 32,000 பிட்டாக ஓடிய செய்தி திடீரென 40 பிட்டாக வீழ்ந்தது. வினாடிக்கு ஐந்து ஆங்கில எழுத்து என்பது அதன் பொருள். ஓர் ஆள் தாளில் எழுதிக்கொண்டு நடந்தே போயிருக்கலாம்.

இவ்வீழ்ச்சியை ஆராய்ந்த வான் ஜேகப்சன், மைக்கேல் கேரல்ஸ் என்பாருடன் சேர்ந்து கண்ட தீர்வை 1988இல் கட்டுரையாக வெளியிட்டார். அதன் உயிர்நாடி தன்னடக்கமே. புதிதாகப் புறப்படும் கணினி முதலில் ஒரு பொதியை மட்டும் அனுப்பிப் பார்க்கவேண்டும். மறுமொழி வர வர அளவை உயர்த்தலாம். பொதி ஒன்று தொலைந்தால், அதனை வழியில் நெரிசல் உண்டென்பதற்கு அடையாளமாகக் கொண்டு உடனே பின்வாங்கவேண்டும். அளவைப் பாதியாகக் குறைத்து, பிறகு சுற்றுக்கு ஒரு பொதி வீதம் மெல்ல மெல்ல ஏறவேண்டும். வழியில் எவரும் ஆணையிடுவதில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் இவ்விதியைக் கைக்கொள்ளின் வலை பிழைக்கும், பிழைக்கவும் செய்தது.

கூட்டும்போது ஒவ்வொன்றாகவும், குறைக்கும்போது பாதியாகவும் செய்வது ஏன்? டா-மிங் சியூ, ராஜ் ஜெயின் ஆகிய இருவரும் 1989இல் இதற்குக் கணித விளக்கம் அளித்தனர். கம்பி 12 பங்கு தாங்கும் என்க. ஒருவர் 10, மற்றவர் 2 எடுத்திருக்கிறார், வேற்றுமை 8. நெரிசல் வருகிறது, இருவரும் பாதியாகக் குறைக்க 5, 1 ஆகிறது. இருவரும் ஒவ்வொன்றாக ஏற, கம்பி நிறையும்போது 8, 4 ஆகிறது. மீண்டும் பாதி: 4, 2. மீண்டும் ஏற்றம்: 7, 5. மூன்றாம் முறை 3.5, 2.5 ஆகி, 6.5, 5.5 வரை ஏறும். எட்டாயிருந்த வேற்றுமை நான்கு, இரண்டு, ஒன்று என்று ஒவ்வொரு நெரிசலிலும் பாதியாகிறது. மாறாக, குறைக்கும்போதும் இருவரிடமிருந்தும் சமமாகக் கழித்திருந்தால் பழைய எட்டு வேற்றுமை என்றும் எட்டாகவே நின்றிருக்கும். சமமாகக் கூட்டி விகிதமாகக் குறைத்தலே சமநிலைக்கு இட்டுச் செல்கிறது. வரி விதிப்போர் கருத்தூன்றி நோக்கத்தக்க கணக்கு இது.

இந்த ராஜ் ஜெயினும், கே.கே. இராமகிருஷ்ணன் என்பாரும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் பயின்றவர்கள். டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் உடன் பணியாற்றியவர்கள். பொதி தொலையும்வரை காத்திருப்பானேன், வரிசை நீளத் தொடங்கும்போதே திசைவி பொதியின்மேல் ஒரு குறியிட்டு எச்சரித்தால் என்ன என்பது 1988இல் அவர்கள் எழுப்பிய கேள்வி. அக்கருத்து உருமாறி, இராமகிருஷ்ணன், சாலி பிளாயிட், டேவிட் பிளாக் ஆகிய மூவர் எழுதிய குறிப்பின் வாயிலாக 2001இல் இணையத்தின் ஏற்கப்பெற்ற விதிகளுள் ஒன்றாயிற்று.

எனினும் தன்னடக்கத்தை மட்டும் நம்பிய ஏற்பாட்டில் மூன்று ஓட்டைகள் இருந்தன. முதலாவது தொலைவு. மறுமொழி வந்த பின்னரே அளவு உயரும் ஆதலின், அருகிலுள்ளாருடன் பேசுபவர் விரைவில் ஏறுவார். தொலைவிலுள்ளாருடன் பேசுபவர் மெல்ல ஏறுவார். பாரிட் புந்தாரில் ஒரே கம்பியைப் பகிரும் இருவருள் ஒருவர் கோலாலம்பூர்க் கணினியிலிருந்து கோப்பு இறக்குகிறார். மற்றவர் அமெரிக்கக் கணினியிலிருந்து இறக்குகிறார். முன்னவருக்குப் போய்வரும் நேரம் சில மில்லி வினாடி. பின்னவருக்கு ஏறக்குறைய 200 மில்லி வினாடி. இருவரும் விதி தவறாதவர். ஆயினும் பின்னவருக்குக் கிடைப்பது மிகச் சிறு பங்கே. வேகம் போய்வரும் நேரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும் என்பதை 1997இல் மேத்திஸ் முதலானோர் சூத்திரமாகவே தந்தனர். கடைமடையின் துயரம் மின்கம்பியிலும் தொடர்ந்தது.

இரண்டாவது ஓட்டை எண்ணிக்கை. பங்கு ஆளுக்கு அன்று, இணைப்புக்கே உரியது. ஆகவே ஒருவரே பல இணைப்புகளைத் திறந்தால் பல பங்கு பெறலாம். தொண்ணூறுகளில் நெட்ஸ்கேப் உலாவி ஒரே சமயத்தில் நான்கு இணைப்புகளைத் திறந்தது. 2001இல் தோன்றிய பிட்டோரண்ட் போன்ற கோப்புப் பகிர்வு முறைகள் பற்பல இணைப்புகளைத் திறந்தன. இணைப்புக்கு இணைப்பு சமம் என்பதை நேர்மை என்று அழைப்பதே தவறு என்று பாப் பிரிஸ்கோ 2007இல் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஒரு குடும்பத்தில் எத்தனை மண்வெட்டி உண்டோ அத்தனை முறை நீர் என்பதுபோன்ற ஏற்பாட்டை அவர் சாடியது பொருத்தமே.

மூன்றாவது ஓட்டை, அடக்கமில்லாதவரை அடக்குவார் இல்லாமை. இதனை நேகிள் 1985 டிசம்பரிலேயே கண்டிருந்தார். 970ஆம் எண்ணுள்ள குறிப்பில் அவர் ஒரு விந்தையான கேள்வி கேட்டார்: திசைவியின் வரிசைக்கு எல்லையே இல்லாமல் இடம் கொடுத்தால் நெரிசல் தீருமா? தீராது என்பதே அவர் முடிவு. வரிசை வளர்ந்துகொண்டே போய், காலங்கடந்த பொதிகளையே சுமந்துகொண்டிருக்கும். முந்தி வந்தவருக்கு முந்தி வழி என்னும் வரிசையில், மிகுதியாகக் கொட்டுபவருக்கே மிகுதியான இடம் கிடைக்கும். ஒதுங்கியவர் தண்டனை பெறுவார். ஆதலின் அனுப்புபவர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, வரிசைக்கு ஒரு பொதியாக முறை வைத்து விடுக என்றார் அவர். அப்போது பேராசைக்காரர் எவ்வளவு கொட்டினாலும் தம் வரிசையைத்தான் நீட்டிக்கொள்வார். இது நீர்க்கட்டியின் முறையேயன்றி வேறன்று.

ஆனால் பொதிகள் யாவும் ஓரளவினவல்ல. முறைக்கு ஒரு பொதி எனின், பெரிய பொதி அனுப்புபவர் கூடுதலாகப் பெறுவார். ஆலன் டெமர்ஸ், சீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர் ஆகிய மூவரும் 1989இல் இக்குறையை நீக்கினர். டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்ற கேசவ் அப்போது ஆய்வு மாணவர். பிட் பிட்டாக முறை வைத்திருந்தால் எந்தப் பொதி முதலில் முடிந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்த ஒழுங்கில் பொதிகளை விடுவதே அவர்கள் வகுத்த வழி. அழகிய தீர்வு, எனினும் அந்நாளைய திசைவிகளுக்கு ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு வைப்பது பெருஞ்சுமை. எனவே நெடுங்காலம் இணையம் பெரும்பாலும் தன்னடக்கத்தை நம்பியே ஓடியது.

மலேசியாவில் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் வலை 1992இல் தொடங்கியபோது இச்சிக்கல்கள் அனைத்தும் சேர்ந்தே வந்தன. பின்னர் கம்பிகளின் கொள்ளளவு பெருகப் பெருக, கருவி செய்வோர் திசைவிகளில் நீண்ட வரிசைகளுக்கு இடம் வைத்தனர். நேகிளின் எச்சரிக்கை மறக்கப்பட்டது. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பு அனுப்பினால் மற்றவரின் பேச்சு தடுமாறுவதன் காரணம் இதுவே என்பதை 2010 அளவில் ஜிம் கெட்டிஸ் எடுத்துக்காட்டினார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேகப்சனும், வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு, பொதி அதில் நின்ற நேரத்தை அளந்து நெரிசலை அறியும் முறையை வெளியிட்டனர். அதனோடு தனி வரிசைப் பங்கீடும் இணைந்த முறை இன்று பல வீட்டுத் திசைவிகளில் இயங்குகிறது.

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது இவையாவும் சோதனைக்குள்ளாயின. பள்ளிக்கூடம், அலுவலகம், பொழுதுபோக்கு ஆகிய மூன்றும் ஒரே வீட்டுக்குள், ஒரே இணைப்பில் வந்து சேர்ந்தன. வலை வீழ்ந்துவிடவில்லை, 1986இன் பாடம் அதனைக் காத்தது. ஆனால் நேர்பங்கு என்பது கம்பி வந்து சேர்ந்த இடத்துக்குள்ளான நேர்பங்கே. அலைக்கோபுரம் எட்டாத தோட்டப்புறத்தில், ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பிடித்துப் பாடம் கேட்ட வீட்டுக்கு, எந்தத் திசைவியும் நீதி வழங்க இயலாது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள்தோறும் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை 1 கிகாபைட் இலவசமாய் வழங்கப்பட்டது, பாசனத்தில் முறைநீர் விடுவதற்கு ஒப்பானது.

அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. 2023 சனவரியில் ‘எல்-4-எஸ்’ என்னும் புதிய ஏற்பாட்டின் குறிப்புகள் வெளியாயின. அவற்றை எழுதியவர்களுள் பிரிஸ்கோவும் ஒருவர். தாமதம் பொறாத பொதிகளுக்கு ஒரு வரிசையும், பழைய வகையினவற்றுக்கு மற்றொரு வரிசையும் ஒரே திசைவியில் வைத்து, இரண்டின் வேகமும் ஏறக்குறைய ஒத்திருக்குமாறு பிணைப்பது அதன் நோக்கம். இரட்டை வரிசையில்லாத பழைய திசைவி வழியில் குறுக்கிட்டால் புதியவர் பழையவரை நெருக்கித் தள்ளிவிடுவர் என்பது மறுப்பாளரின் வாதம். அவ்வாறான திசைவிகள் சிலவே, அவற்றைக் கண்டறிந்து விலகலாம் என்பது ஆதரிப்போரின் விடை.