நாணயத்தில் இல்லாத பெயர்

முகலாயர் காலத்து வெள்ளி ரூபாயைக் கையில் வாங்கிப் பார்த்தால், எழுத்து பெரும்பாலும் முழுசாக இருக்காது. அச்சு பெரிது, வெள்ளி வில்லை சிறிது. சம்மட்டி அடி விழுந்ததும் அரசர் பெயரின் தலையோ அக்கசாலை ஊர்ப்பெயரின் வாலோ வெளியே போய்விடும். அபூர்வமாக ஒன்று, எடை அதே பதினொன்றரை கிராம் சொச்சம்தான், ஆனால் அகலமாக, மெலிதாக, ஓரத்துப் புள்ளி வளையம் வரை முழு அச்சும் பதிந்து கிடைக்கும். அதை நஜராணா என்கிறார்கள் சேகரிப்பாளர்கள்.

அரபியில் ‘நத்ர்’ என்றால் நேர்த்திக்கடன். பாரசீகத்தில் அது ‘நஸ்ர்’ ஆகி, பெரியவர் முன் வைக்கும் காணிக்கையையும் குறித்தது. ‘ஆனா’ விகுதி சேர, நஸ்ரானா; அதுவே நஜராணா. பார்வையைக் குறிக்கும் ‘நஸர்’ வேறு சொல். அரபியில் எழுத்தே வேறு. தமிழுக்கும் நஜர் வந்து சேர்ந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் துரைக்கு நஜர் வைத்த செய்திகள் உண்டு.

தர்பாரில் கைக்குட்டைமேல் காசை வைத்து இரு கையாலும் நீட்டுவார்கள். தன் பெயரில் காசு அடிப்பதே அரசுரிமையின் அடையாளம். அப்படிப்பட்டவரிடம் அவர் பெயரே அரைகுறையாக விழுந்த காசை நீட்டலாமா? இந்த அகலத்துக்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் நஜராணா என்ற சொல் இந்த ரூபாய்களில் பொறிக்கப்படவில்லை. கூட்டத்தில் வாரி இறைப்பதற்கென்றே ஜஹாங்கீர் அடித்த சிறு வெள்ளிக்காசுகளில் ‘நிஸார்’ என்றே இருக்கிறது. அரபியில் இறைத்தல் என்று பொருள். அது தன் பெயரைத் தானே சொல்கிறது. நஜராணா என்பதோ வடிவத்தைப் பார்த்து நாம் வைத்த பெயர். அழகாக விழுந்த ரூபாய்க்கெல்லாம் அதைச் சூட்டுவது ஏலம் விடுகிறவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

1803இல் டெல்லி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபின், முகலாய பாதுஷா ஷா ஆலம் பெயரில் வந்த அகல ரூபாய்களைச் சுற்றி ரோஜா, திஸில், ஷாம்ராக் கொடி ஓடுகிறது. எழுத்து பாதுஷாவுக்கு, பூக்கள் பிரிட்டனுக்கு. எல்லன்பரோ கவர்னர் ஜெனரலாக இருந்த 1842–44இல் பாதுஷாவுக்கு நஜர் வைப்பதே நின்றது. நஜராணா என்ற சொல் மட்டும் திசை மாறி, சமஸ்தானாதிபதிகள் பட்டமேறும்போது ஆங்கில அரசுக்குக் கட்டும் தொகைக்குப் பெயராயிற்று. 1911 டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் அதை ரத்து செய்தார். ஜெய்ப்பூர் அக்கசாலையில் அதற்குப் பிறகும் நஜராணா ரூபாய் அடித்தார்கள்: ஒரு பக்கம் ஜார்ஜ் பெயர், மறுபக்கம் மகாராஜா பெயர், இரண்டும் முழுதாக.