எம்டன் படமும் என் பிழையும்

நமது இதழின் சென்ற வெளியீட்டில், 1914இல் சென்னையைத் தாக்கிய எம்டன் கப்பலைப் பற்றிய குறிப்புடன் ஒரு புகைப்படம் வந்திருந்தது. இணையத்திலிருந்து அதை எடுத்து அனுப்பியவன் நான்தான். "அங்கிள், சென்னை மேல குண்டு போட்டது ஹிட்லர் கப்பலா?" என்று நம் குடியிருப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். படத்தில் சுவஸ்திகா கொடி பறந்ததை அவள் கவனித்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை.

1914 செப்டம்பர் 22 இரவு, கேப்டன் கார்ல் வான் முல்லர் தலைமையில் வந்த எம்டன், துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் டேங்குகளைச் சுட்டது. சுமார் 130 குண்டுகள். எண்ணெய் பற்றி எரிந்தது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. பயந்துபோன மக்கள் ஊரைவிட்டே கிளம்பினார்கள். அப்போது ஜெர்மனியை ஆண்டவர் கெய்சர். ஹிட்லர் அன்று சாதாரணச் சிப்பாய்.

அப்படியானால் என் படத்தில் இருந்தது எது? எம்டன் என்ற பெயரில் அடுத்தடுத்துப் பல போர்க்கப்பல்கள் இருந்தன. சென்னைக்கு வந்த முதல் எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். 1916இல் கடலில் இறக்கப்பட்ட இரண்டாவதுக்கும் மூன்றுதான். ஆனால் முதல் கப்பலின் நினைவாக அதன் முகப்பில் இரும்புச் சிலுவைச் சின்னம் இருந்தது. 1925இல் வந்த மூன்றாவதுக்கு இரண்டே புகைபோக்கிகள். சுவஸ்திகா பொறித்த போர்க்கொடி ஜெர்மன் கடற்படைக்கு வந்ததே 1935இல்தான். நான் அனுப்பியது இந்த மூன்றாவது கப்பலின் படம்.

புகைபோக்கியை எண்ணினால் மட்டும் போதாது. டிரெஸ்டன் என்ற சகோதரக் கப்பலும் பார்வைக்கு எம்டனைப் போலவே இருக்கும். மேலும், 1914 அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, எம்டன் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல்போல் வேடமிட்டிருந்தது. உள்ளே போனதும் ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. எண்ணிப் பார்த்து நம்பியவர்கள் அன்றே ஏமாந்தார்கள்.

வங்கியில் செக்கைப் பாஸ் செய்யும்போது கையெழுத்தை மட்டும் பார்க்க மாட்டோம். தேதி, தொகை எல்லாவற்றையும் பார்ப்போம். இத்தனை வருடப் பழக்கம் இருந்தும், "எம்டன்" என்ற பெயரைக் கண்டதும் படத்தைப் பாஸ் செய்துவிட்டேன்.

இந்த இதழில் சரியான படம் வந்துள்ளது. 1914 நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியுடன் நடந்த சண்டையில் சிதைந்து, கோக்கோஸ் தீவுகளில் கரைதட்டி நிற்கும் எம்டன் அது. பழைய படத்தை யாருக்காவது அனுப்பியிருந்தால், தயவுசெய்து இந்தத் திருத்தத்தையும் அனுப்புங்கள். கேள்வி கேட்ட சிறுமிக்கு என் நன்றி.