ஹங் ஜெபாட்: துணைமாந்தன் தலைமாந்தன் ஆன வரலாறு

செபராங் ஜெயாவில் தெருக்கள் பலவற்றிற்கு மீன்களின் பெயர்களைச் சூட்டியுள்ளனர். தெங்கிரி, குராவ், தோடாக் என அவை அமையும். தோடாக் என்பது ஈட்டி போல் நீண்ட அலகுடைய கடல்மீன். அப்பெயர் தாங்கிய தெருவில் நாள்தோறும் நடப்போருள், மலாய் இலக்கியத்தில் அம்மீனுக்கு உள்ள இடத்தை நினைப்போர் சிலரே ஆவர். பழைய சிங்கபுரத்தைத் தோடாக் மீன்கள் கூட்டங் கூட்டமாய்த் தாக்கினவாம். அரசன் குடிமக்களைக் கரையில் வரிசையாக நிறுத்தி, அவர்தம் கால்களையே அரணாக்கினான். எண்ணற்றோர் மாண்டனர். அப்போது சிறுவன் ஒருவன், மனிதக் கால்களுக்கு மாறாக வாழைத்தண்டுகளை நட்டால் மீன்களின் அலகுகள் அவற்றிற் குத்திச் சிக்கிக்கொள்ளுமே என்றான். அவ்வாறே செய்தனர், நகர் தப்பியது. இத்துணை அறிவுடையவன் வளர்ந்தால் அரசுக்குத் தீங்காவான் என்று உடனிருந்தோர் ஓதினர். அரசன் அச்சிறுவனைக் கொல்வித்தான்.

'செஜாரா மெலாயு' என்னும் பழநூல் இக்கதையைச் சுருங்கவே சொல்லிச் செல்கிறது. சிறுவனின் பெயரைக்கூட அது கூறவில்லை. பின்வந்த மக்களோ அவனுக்கு ஹங் நாடிம் என்று பெயரிட்டனர். கதை நூலிலும் திரைப்படத்திலும் அவனையே நடுவில் நிறுத்தினர். அரசனின் பெயர் இன்று எத்தனை மாணவர்க்குத் தெரியும்?

கதையின் ஓரத்தில் நிற்கும் ஒருவரைக் கேட்போர் இவ்வாறு கைப்பற்றி நடுவே கொணர்வது எல்லா மொழிகளிலும் நிகழ்வதே. ஆயினும் மலாய் இலக்கியத்தில் ஹங் ஜெபாட்டுக்கு நேர்ந்த மாற்றம் போல் பெரியதொரு மாற்றம் வேறு எவர்க்கும் நேரவில்லை எனலாம். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் துரோகி என்று சுட்டப்பட்டவன், நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் வீரன் என்று போற்றப்பட்டான்.

'ஹிக்காயாட் ஹங் துவா' பதினேழாம் நூற்றாண்டில் உருப்பெற்றது என்பர். யாத்தவர் பெயர் தெரியவில்லை. 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக நினைவுப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. அது ஒரே மூச்சில் படித்து முடிக்கும் நூலன்று. நிகழ்ச்சி மேல் நிகழ்ச்சியாய் நீண்டு செல்லும் தொடர்கதை. அணிந்தவனை எந்தப் படைக்கலமும் தீண்டாத 'தாமிங் சாரி' என்னும் கிரிஸ் அதில் உண்டு. மந்திரமும் மாயமும் உண்டு. நாயகன் ஹங் துவா சாவா, சீனம், ரூம் எனப் பல நாடுகளுக்குத் தூது செல்கிறான். விசயநகரத்துக்கும் செல்கிறான்; அங்கு ஆளும் மன்னனைக் கிஸ்னா ராயன் என்று நூல் குறிக்கிறது. கிருட்டிணதேவராயரின் புகழ் மலாய்க் கதைக்குள்ளும் புகுந்திருத்தல் தமிழ் மாணவர் நோக்கத் தக்கது.

துவாவுக்கு இளமைத் தோழர் நால்வர்: ஜெபாட், கஸ்தூரி, லெக்கிர், லெக்கியூ. நூலின் பெரும்பகுதியில் ஜெபாட் அந்நால்வருள் ஒருவன், அவ்வளவே. கப்பலில் உடன் செல்வான். சண்டையில் உடன் நிற்பான். பின்னர்தான் அவனுடைய பகுதி வருகிறது. அரண்மனைப் பெண்ணோடு துவாவுக்குத் தொடர்புண்டு என்று பொறாமை கொண்டோர் அரசனிடம் கோள் மூட்டுகின்றனர். அரசன் உசாவவில்லை, கொன்றுவிடுக என்று ஆணையிடுகிறான். முதலமைச்சரான பண்டாஹாரா துவாவைக் கொல்லாமல் மறைத்து வைக்கிறார். மலாக்காவோ அவன் இறந்தான் என்றே நம்புகிறது. துவாவின் பதவியும் தாமிங் சாரியும் ஜெபாட்டுக்கு வருகின்றன. அவன் இனிய குரலிற் கதை படிக்க வல்லவன். அக்குரல் கேட்டு அரசன் அவன் மடியிலேயே உறங்கிப்போனதையும் நூல் சொல்லும். அத்தகையவன் ஒருநாள் அரண்மனையையே தனதாக்கிக்கொண்டான். அரசன் வெளியேறிப் பண்டாஹாராவின் இல்லத்தில் ஒதுங்க நேர்ந்தது. ஏவப்பட்ட வீரர் எவராலும் ஜெபாட்டை வெல்ல முடியவில்லை. துவா இருந்திருந்தால் என்று அரசன் வருந்தியபோது பண்டாஹாரா உண்மையை வெளியிட்டார். துவா அழைக்கப்பட்டான், மன்னிக்கப்பட்டான், தோழனைக் கொல்ல அனுப்பப்பட்டான்.

எதிரே வந்த துவாவைக் கண்டு ஜெபாட் திகைத்தான். நீ உயிரோடு இருப்பது தெரிந்திருந்தால் இதனைச் செய்திருக்க மாட்டேன் என்னும் பொருள்பட அவன் பேசுவது அப்பகுதியின் உயிர்நிலை. பெரும்பணி செய்த உனக்கே இக்கதி என்றால் எனக்கு என்ன நேரும் என்பதும் அவன் வாதம். துவா மறுமொழியாகச் சொல்லத்தக்கது அரசனுக்கு மாறு செய்யலாகாது என்பது ஒன்றே. போர் நடந்தது; தந்திரத்தால் தாமிங் சாரி துவாவின் கைக்கு மீண்டது; ஜெபாட் குத்துண்டான்.

நூலாசிரியரின் தீர்ப்பில் ஐயமில்லை. ஜெபாட் செய்தது 'டெர்ஹாக்கா', அதாவது இராசத் துரோகம். எனினும் பழைய மலாய்ச் சிந்தனை அரசன் செய்வதெல்லாம் சரி என்று கண்ணை மூடிக்கொண்டதன்று. 'செஜாரா மெலாயு' மலாய் அரச மரபின் தோற்றத்தைக் கூறும்போது, சாங் சபுர்பா என்னும் முதல்வனுக்கும் குடிகளின் தலைவனான டெமாங் லேபார் டாவுனுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை நிகழ்ந்ததாகச் சொல்கிறது. குடிகள் அரசனுக்கு மாறு செய்யார். அரசனும் குடிகளை இழிவுபடுத்தான். அதே நூல் அம்மரபின் முன்னோரைப் பேசுங்கால் ராஜா சூலானைக் கொணர்கிறது. சோழப் பேரரசின் நினைவு அப்பெயரில் ஒலிக்கிறது. இவ்வுடன்படிக்கை இருவரையும் கட்டுவதாயின், உசாவாமல் கொலைத்தீர்ப்பு அளித்த அரசன் அதனை முதலில் முறித்தவன் ஆகிறான் அல்லனோ? ஜெபாட்டின் பக்கம் பேசப் புகுந்தோர்க்கு மேலைநாட்டு நூல்கள்தாம் வழி காட்டின என்று சிலர் கூறுவது முழுதும் பொருந்தாது. அதற்கான வித்து பழைய ஏடுகளிலேயே இருந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. இராஃபிள்ஸ் சேர்த்த 'செஜாரா மெலாயு' சுவடியில் அரண்மனையைக் கைப்பற்றித் துவாவோடு பொருதவன் ஜெபாட் அல்லன்; கஸ்தூரி. ஆகவே எந்தத் தோழன் என்பதிலேயே பழைய மரபு ஒருமைப்படவில்லை. துவாவும் ஜெபாட்டும் வரலாற்று மாந்தரே அல்லர் என்று பேராசிரியர் கூ கே கிம் 2012ஆம் ஆண்டில் கூறியபோது நாடெங்கும் சலசலப்பு எழுந்தது. அவர்கள் வாழ்ந்தனரா என்பது ஒரு கேள்வி. மக்கள் அவர்களை எவ்வாறு படித்தனர் என்பது வேறொரு கேள்வி. அதற்குச் சான்றுகள் நிரம்ப உள.

அச்சான்றுகளுள் சில பினாங்கு மண்ணோடு தொடர்புடையன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பின்பற்றிப் பினாங்கிற் பிறந்ததே 'பங்சாவான்' என்னும் மலாய் நாடகம். எழுதி வைத்த உரையாடலின்றி, கதைப்போக்கை மட்டும் கைக்கொண்டு நடிகர் தாமே பேசும் கலை அது. நம் தெருக்கூத்தைப் போல, அவையோரின் ஆரவாரம் கேட்டு வசனத்தை நீட்டவும் குறைக்கவும் அங்கு இடமுண்டு. ஹங் துவா கதையும் அம்மேடை ஏறிற்று. 1929ஆம் ஆண்டில் பினாங்கிற் பிறந்த பி. ரம்லி, 1956ஆம் ஆண்டின் 'ஹங் துவா' வண்ணப்படத்தில் துவாவாக நடித்தார். படத்தை இயக்கியவர் வங்கத்துக் கலைஞர் ஃபணி மஜும்தார். அது 1957இல் பெர்லின் திரைப்பட விழாவிலும் இடம்பெற்றது. படம் துவாவைப் போற்றுவதே. ஆனால் இறுதியில், தோழனைக் கொன்றுவிட்ட துவா, யார் செய்தது சரி என்று தன்னையே வினவுகிறான். பழைய நூலில் அவ்வினா இல்லை. திரையரங்கை விட்டு வெளியேறியோர் அதனைச் சுமந்து சென்றனர்.

விடை சொல்ல முன்வந்தவர்களுள் முதன்மையானவர் கெடாவைச் சேர்ந்த காசிம் அஹ்மட். சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1959ஆம் ஆண்டில் 'ஹிக்காயாட் ஹங் துவா'வின் மாந்தர் படைப்பைப் பற்றி ஆய்வேடு எழுதினார். துவா நிலவுடைமைக் காலத்து விசுவாசத்தின் வார்ப்பு. ஜெபாட்டே அநீதியை எதிர்த்த உண்மை வீரன் என்பது அதன் சாரம். 1964இல் டேவான் பஹாசா டான் புஸ்தாகா அதனை நூலாக்கியது. அவர் வறட்டு எதிர்ப்பாளர் அல்லர். அந்நூலின் மூலத்தையே பதிப்பித்தவரும் அவர்தாம். வரிவரியாகப் படித்தவரே வழக்கை மறுவிசாரணைக்கு எடுத்தார் என்பதை மாணவர் மறத்தலாகாது. பின்னர் அவர் பினாங்கில் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

அவர் தனியராகவும் இல்லை. அலி அசிஸ் ஜெபாட்டின் கிளர்ச்சியை நாடகமாக்கினார். கேத்தே கெரிஸ் நிறுவனத்திற்காக உசேன் ஹனிப் 1961இல் இயக்கிய 'ஹங் ஜெபாட்' அந்நாடகத்திலிருந்து பிறந்தது. நோர்டின் அகமட் ஜெபாட்டாகத் தோன்றினார். ஐந்தாண்டு இடைவெளியில் படத்தின் பெயரே மாறிவிட்டது காண்க. அதே 1961இல் கவிஞர் உஸ்மான் அவாங் எழுதிய நாடகத்தின் பெயர், 'ஒரு வீரனின் மரணம்' என்று பொருள்படும். இறந்தவன் ஜெபாட், ஆகவே வீரனும் அவனே.

ஏன் அந்த ஆண்டுகளில்? 1955இல் மலாயா மக்கள் முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்தனர். 1957இல் நாடு விடுதலை பெற்றது. ஆணைக்கு அடங்கியிருந்தோர் வாக்குரிமை பெற்ற குடிமக்கள் ஆயினர். அடங்குதலே பண்பு என்று கற்பித்த கதையை அவர்கள் புதுக் கண்ணால் படித்தனர். துவாவின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்க அவர்களால் இயலவில்லை.

தமிழர்க்கு இப்பழக்கம் புதியதன்று. கம்பன் கும்பகருணனைச் செஞ்சோற்றுக் கடன் கழிக்க உயிர்விடும் பெருவீரனாக்கினான்; வீடணனை அறத்தின்பால் நிறுத்தினான். இருவருள் சிறந்தவர் யார் என்று பட்டிமன்றங்கள் இன்றளவும் வாதிடுகின்றன. கர்ணன் பொருட்டுக் கண்ணீர் விடாத தமிழர் இலர். புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' பாடி இராமகதையையே தலைகீழாக்கினார். 1948இல் விதித்த தடை 1971இல்தான் நீங்கியது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கும்பகருணனும் கர்ணனும் உண்ட உணவுக்கும் பெற்ற நட்புக்கும் நன்றியாகத் தவறான பக்கம் நின்றவர்கள். ஜெபாட்டோ நட்பின் பொருட்டு, உணவளித்த அரசனையே எதிர்த்தான். செஞ்சோற்றுக் கடனைப் பொறுத்தவரை, கும்பகருணனுக்கு நெருங்கியவன் துவாவே. தமிழ் வகுப்பில் இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துக் கற்பித்தால் மாணவர் இரண்டையுமே ஆழ்ந்து படிப்பர்.

புதிய வாசகர்பால் குறையும் உண்டு. அவர்கள் சிலவற்றை மெல்ல மறைத்தனர். மூலத்தில் ஜெபாட் அரண்மனையைப் பிடித்த பின் குடிகளுக்கு நீதி வழங்கவில்லை. அரசனின் பெண்டிரோடு களித்திருந்தான். குத்துண்ட பின் காயத்தைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி மூன்று நாள் வெறிகொண்டு திரிந்து, குற்றமற்ற மக்களை ஆயிரக்கணக்கில் கொன்றான். மக்கள் விடுதலைக்கு முன்னோடி என்று அவனை முடிசூட்டுவோர் இறந்தோரைக் கணக்கிற் கொள்ளவில்லை. அவன் எதிர்த்தது ஓர் ஆட்சிமுறையையும் அன்று; தன் தோழனுக்கு இழைத்த ஒரு கொடுமையை. அவன் பெருமை அதுவே. அதனைக் கொள்கை முழக்கமாகப் பெருக்கியபோது அவனுடைய துயரம் சிறுத்துப்போயிற்று.

அரசும் காலப்போக்கில் அவனோடு சமாதானம் ஆயிற்று. மலாக்காவில் சுற்றுப்பயணிகள் திரளும் ஜோங்கர் தெருவின் முறையான பெயர் ஜாலான் ஹங் ஜெபாட். அரச மலேசியக் கடற்படையில் 1999இல் சேர்ந்த போர்க்கப்பல் ஒன்று 'கே.டி. ஜெபாட்' எனப் பெயர் பெற்றது. அம்முன்னெழுத்துகள் அரசக் கப்பல் என்பதைக் குறிப்பன. அரண்மனையைப் பறித்தவனின் பெயர் அரசக் கப்பலின் முகப்பில்!

வெறியாட்டம் ஓய்ந்ததும் ஜெபாட் துவாவைத் தேடிவந்து அவன் மடியில் தலைவைத்து இறந்தான். இறக்குமுன் ஒன்றே கேட்டான்: பணிப்பெண் ஒருத்தியின் வயிற்றில் வளரும் தன் குழந்தையைக் காக்க வேண்டும் என்றான். துவா இசைந்தான். ஜெபாட்டின் மகனும் துவாவின் மருமகனும் ஆகிய ஒருவனைச் 'செஜாரா மெலாயு' பின்னர்க் காட்டுகிறது. சுல்தான் மாமுட்டின் ஆணைப்படி நாற்பது வகைத் துணிகள் வாங்கக் கலிங்கம் என்று மலாயர் வழங்கிய தென்னிந்தியக் கரைக்குக் கப்பலேறிய அவன், அங்குள்ள ஓவியர் வரைந்தவை மனத்துக்கு ஒவ்வாமையால் பூவேலைகளைத் தன் கையாலேயே வரைந்து காட்டினான். அவன் பெயர் ஹங் நாடிம். தோடாக் மீன்களிடமிருந்து நகரைக் காத்து அரசனாற் கொல்லப்பட்ட அச்சிறுவனுக்கு மக்கள் இட்டதும் இப்பெயரையே.