விழித்திருந்தால் மட்டும் போதுமா?



நம் நாட்டில் 1972-இல், செர்டாங்கிலுள்ள அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பிரிவு தோன்றியது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்க விரும்பும் தோட்டப் பிள்ளை, அதில் சேருமுன் உயிரியல், இரசாயனம் முதலிய பாடங்களில் நன்கு தேற வேண்டும். எனவே இரவெல்லாம் கண்விழிக்கிறது. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் நாமும் தூக்கத்தைச் சோம்பலென்றே எண்ணுகிறோம்.

வரலாறு கூறுவது வேறு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1894-லேயே கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. அதே பல்கலைக்கழகத்தின் மனவியல் அறிஞர்களான ஜென்கின்சும் டாலன்பாக்கும் 1924-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர் இருவர் பொருளற்ற 10 அசைகளை மனனம் செய்தனர். 8 மணி நேரம் விழித்திருந்தபின் சராசரியாக ஏறத்தாழ ஒன்றுதான் நினைவில் நின்றது. அதே நேரம் உறங்கி எழுந்தபோதோ, ஏறத்தாழ பாதி நின்றது!

உறக்கத்தில் மூளை, கற்றதைப் பதியவைக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டின. ஆகவே, பிள்ளை படிக்க விளக்கேற்றித் தரும் நாம், உரிய நேரத்தில் அதை அணைக்கவும் வேண்டும். அதுவும் படிப்புக்குச் செய்யும் உதவியே.